பயம் போன பிறகு பயிற்சியா, பயிற்சியில் பயம் போகுமா?

வாசகி கேட்டது, ஜனவரி 8

ஏழு மாதத்திற்கு முன் குதிரையேற்றப் பயிற்சியில், கேன்டர் என்ற வேக ஓட்டத்தில் போகும்போது விழுந்தேன். எலும்பு முறியவில்லை. ஆனாலும் அங்கவடியில் கால் வைத்தாலே உள்ளங்கை வியர்க்கிறது. பயம் முழுவதும் போன பிறகுதான் மறுபடி பயிற்சியைத் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. பயந்தவர் ஏறினால் குதிரையும் கெட்டுப்போகும். பயத்தைப் போக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 9

உங்கள் கட்சியை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அதே கட்சியில் ஐந்து மாதம் இருந்து பார்த்துவிட்டேன்.

எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. செவலை என்ற பெண் குதிரை, கேன்டரில் ஒரு மூலை திரும்பும்போது சட்டென்று பக்கவாட்டில் துள்ளியது. அடுத்து எனக்குத் தெரிந்தது வாயில் மண். காறை எலும்பில் விரிசல். கையைக் கழுத்தோடு சேர்த்துத் துணியில் கட்டிக்கொண்டு ஆறு வாரம் கழித்தேன். எலும்பு கூடிவிட்டது. பயமும் அப்படியே ஆறிவிடும் என்று காத்திருந்தேன். அது வீட்டில் உட்கார்ந்த இடத்திலேயே வளர்ந்தது. விழுந்தது ஒரு முறை. மனத்துக்குள் நூறு முறை விழுந்திருப்பேன். ஒவ்வொரு முறையும் குதிரை இன்னும் உயரமாகிக்கொண்டே போனது.

ஐந்தாம் மாத முடிவில் ஏறினேன். துணிச்சல் வந்ததால் ஏறவில்லை. ஏறி, நடையிலேயே ஒரு வட்டத்தை வட்டமாகப் போட முடிந்த அன்றுதான் துணிச்சல் முதன்முதலாக எட்டிப் பார்த்தது. பயிற்சி முன்னால் போனது, பயம் பின்னால் தேய்ந்தது. எனக்கு நடந்த வரிசை இதுதான்.

ஜனவரி 10

அவசரத்தில் விட்டுப்போன ஒன்று. விழுந்தபோது அணிந்திருந்த ஹெல்மெட்டை மறுபடி அணியாதீர்கள். அடி வாங்கிய ஹெல்மெட் வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே இருக்கும் நுரை அமுங்கியிருக்கும். அடுத்த அடியைத் தாங்காது. புதிதாக வாங்குங்கள்.

"விழுந்த உடனே ஏறிவிட வேண்டும்" என்று லாயங்களில் சொல்வார்கள். தலையில் அடிபட்டவருக்கு அது மிகவும் ஆபத்தான அறிவுரை. மருத்துவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் மற்றதெல்லாம்.

ஜனவரி 14

முதல் நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது.

எங்கள் பயிற்சிக்களம் 20 மீட்டர் அகலம், 40 மீட்டர் நீளம். சுற்றிலும், இடம் குறிக்க ஆங்கில எழுத்து எழுதிய வழக்கமான பலகைகள். பயிற்றுநர் நான்கு கூம்புகளைக் கையில் கொடுத்தார். "20 மீட்டர் வட்டத்துக்கு நான்கு புள்ளிகள். நீங்களே வையுங்கள்" என்றார். குதிரையில் ஏறுவதற்கு முன்பே வேலை தொடங்கிவிட்டது. முதல் கூம்பு ஏ என்ற எழுத்தில், குறுகிய பக்கத்தின் நடுவே. அதற்கு நேர் எதிரே இருப்பது களத்தின் நடுப்புள்ளி, அங்கே ஒன்று. மீதி இரண்டும் நீண்ட பக்கங்களில், மூலையிலிருந்து சரியாகப் பத்து மீட்டரில். பலரும் இந்த இரண்டை மூலைக்கு அருகில் இருக்கும் எழுத்திலேயே வைத்துவிடுகிறார்கள். அந்த எழுத்து மூலையிலிருந்து ஆறு மீட்டரில் இருக்கிறது; இன்னும் நான்கு மீட்டர் தள்ளிப் போக வேண்டும். இல்லாவிட்டால் வட்டம் முட்டை வடிவமாகிவிடும்.

பிறகு ஏறினேன். உள்ளங்கை வியர்த்தது, உங்களுக்கு வியர்ப்பது போலவே. கடிவாள வாரைப் பிடித்திருந்த விரல்முட்டிகள் வெளுத்திருந்தன. நடையில் ஒரு கூம்பிலிருந்து அடுத்த கூம்பு வரை குதிரை எத்தனை அடி எடுத்து வைக்கிறது என்று எண்ணச் சொன்னார். முதல் கால்வட்டத்துக்குப் பதினெட்டு வந்தது, இரண்டாவதற்குப் பதினைந்து. ஏன் குறைந்தது? உள்பக்கம், அதாவது வட்டத்தின் மையம் இருக்கும் பக்கம், சாய்ந்து குறுக்கே வந்துவிட்டோம். மூன்றாவதைச் சரிசெய்ய வெளிப்பக்க வாரை லேசாக நிறுத்தி, உள்பக்கக் காலால் வயிற்றில் தொட்டேன். பதினெட்டு! நான்காவது பதினேழு.

எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியவில்லை. நின்றபோது பயிற்றுநர், "இருபது நிமிடம் ஆகிவிட்டது, தெரியுமா?" என்றார். அந்த இருபது நிமிடத்தில் விழுவதைப் பற்றி ஒரு முறைகூட நினைக்கவில்லை. எண்ணிக்கொண்டிருந்த தலையில் அதற்கு இடமே இருக்கவில்லை.

ஜனவரி 15

வட்டத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். எங்கே பார்ப்பது என்று கேட்டவருக்கு: அடுத்த கூம்பை. குதிரையின் பிடரியை அல்ல. நாம் கீழே குனிந்து பார்த்தால் தலையின் கனமெல்லாம் முன்னால் விழுகிறது. ஏறுபவர் இல்லாதபோதே குதிரையின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கை முன்னங்கால்கள்தான் சுமக்கின்றன. நாமும் அதன்மேல் குனிந்தால் அது எப்படி இலகுவாகத் திரும்பும்?

இன்னொன்று. ஒரு பக்கம் நன்றாகத் திரும்பும் குதிரை மறுபக்கம் மரக்கட்டை போல இருப்பது இயல்பு. நமக்கு வலக்கை இடக்கை இருப்பது போல. நானும் முதலில் "இந்தக் குதிரைக்கு இடப்பக்கம் வராது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஒரு நாள் பயிற்றுநர் பின்னால் நின்று என் முதுகைப் பார்த்தார். அடிபட்ட தோளைக் காப்பாற்றிக்கொள்ள நான் இடுப்பையே வலப்பக்கம் நகர்த்தி உட்கார்ந்திருக்கிறேன். ஐந்து மாதமாக அந்த உடம்பு அப்படியே பழகிவிட்டது. குதிரை என் எடைக்குக் கீழே தன்னை வைத்துக்கொள்ளப் பார்த்திருக்கிறது. அதன் மேல் என்ன குற்றம்?

ஜனவரி 22

டிராட், நடைக்கு அடுத்த வேகமான துள்ளோட்டம். நடையில் குளம்பு தரையில் விழும் ஒலி நான்கு தட்டு, டிராட்டில் இரண்டு தட்டு. ஒரு முன்னங்காலும் அதற்குக் குறுக்கே எதிர்ப்பக்கத்துப் பின்னங்காலும் சேர்ந்து விழும். எழுந்து உட்கார்ந்து போகும் டிராட்டில், உள்பக்கத் தோள் முன்னால் போகும்போது எழ வேண்டும். பக்கம் மாறினால் ஒரு தட்டு கூடுதலாக உட்கார்ந்து மாற்றிக்கொள்ள வேண்டும். நடையில் கிடைத்த நம்பிக்கை டிராட்டில் பாதி போய்விட்டது. ஆனால் பாதி மிச்சம் இருந்ததே, அது எனக்குப் பெரிய செய்தி.

ஜனவரி 23

திருத்தம். நேற்று எழுதியது தவறு. வெளிப்பக்கத் தோள் முன்னால் போகும்போதுதான் எழ வேண்டும். நேற்று படித்துவிட்டுப் போய் யாரும் அப்படிச் செய்திருந்தால் மன்னிக்கவும்.

காரணத்தோடு சொன்னால் மறக்காது. வெளிப்பக்க முன்னங்கால் முன்னே போகும் அதே நேரத்தில் உள்பக்கப் பின்னங்கால் காற்றில் இருக்கிறது, வயிற்றுக்கு அடியில் எட்டி வைக்கப் பார்க்கிறது. நாம் எழுந்திருந்தால் முதுகு இலேசாகி அந்தக் கால் தாராளமாக வரும். அது தரையில் ஊன்றியதும் நாம் உட்காருகிறோம். வளைவைத் தாங்குவது அந்தக் கால்தான்.

ஜனவரி 29

குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது என்று லாயத்தில் இருக்கும் பெரியவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். முன்னங்கால்களை விலாக்கூட்டோடு இணைப்பது தசைகள் மட்டும்தான். தொட்டில் போல உடம்பு அந்தத் தசைகளில் தொங்குகிறது. என்னிடம் உடைந்த எலும்பு அதனிடம் இல்லவே இல்லை என்று நினைத்தபடி நெடுநேரம் அதன் தோளைத் தடவிக்கொண்டு நின்றேன். பயிற்சிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு: அந்தத் தசைகளுக்குப் பலம் கொடுத்தால் முன்பக்கம் உயர்கிறது, திரும்புவது இலகுவாகிறது. வட்டமும் நின்று புறப்படுவதும் செய்கிற வேலை அதுதான்.

பிப்ரவரி 2

"பயந்தவர் ஏறினால் குதிரையும் கெட்டுப்போகும்" என்ற உங்கள் வரிக்கு வருகிறேன். அதில் பாதி உண்மை இருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன்.

சுமார் 1904இல் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுகிறது என்று ஊரே வியந்தது. கேள்வி கேட்டால் விடையைக் குளம்பால் தட்டும். ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர் பொறுமையாகச் சோதித்து 1907இல் விளக்கம் எழுதினார். கேட்பவருக்கு விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியவில்லை. சரியான எண்ணை நெருங்கும்போது கேட்பவர் தம்மை அறியாமல் தலையையும் உடம்பையும் மிக மிகச் சிறிதாக அசைத்திருக்கிறார். அதைப் பார்த்துக் குதிரை நிறுத்தியிருக்கிறது. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பது உறவுக்குச் சொல்லும் பழமொழி. எனக்கு அது சேணத்தில் உட்கார்ந்திருக்கும் உடம்புக்கும் பொருந்துவதாகவே படுகிறது.

2009இல் சுவீடனில் செய்த சோதனை ஒன்றும் உண்டு. குதிரையை ஒரு பாதையில் பலமுறை நடத்திப் போகச் சொன்னார்கள். கடைசி முறை மட்டும், குதிரை கடக்கும்போது குடை ஒன்று விரியும் என்று மனிதரிடம் சொல்லிவைத்தார்கள். குடை விரியவே இல்லை. ஆனாலும் மனிதரின் இதயத் துடிப்பு ஏறியது, குதிரையின் இதயத் துடிப்பும் ஏறியது.

ஆகவே செவலை அன்று துள்ளியதற்கு முழுக் காரணம் நான்தான் என்று முடிவுக்கு வந்திருக்கிறேன். குதிரையிடம் குறை என்று ஒன்றுமில்லை. ஏறுபவரின் பயம்தான் எல்லாம்.

பிப்ரவரி 3

அதற்கு என்ன செய்வது என்று எழுதாமல் விட்டேன். மூச்சு. பயந்தால் நாம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். அப்போது தொடையும் முழங்காலும் இறுகுகின்றன. ஓர் ஈ உட்கார்ந்தாலே தோலைச் சிலிர்த்து உதறுகிற பிராணிக்கு அந்த இறுக்கம் தெரியாமல் இருக்குமா? "மூச்சை விடுங்கள்" என்று சொன்னால் எனக்கு வராது. வாய்விட்டு எண்ணினால் வருகிறது. எண்ணிக்கொண்டே மூச்சைப் பிடித்துவைக்க யாராலும் முடியாது. நான் டிராட்டில் ஒன்று இரண்டு என்று உரக்க எண்ணிக்கொண்டு போகிறேன். எண்ணும் குரல் சீரானதும் செவலையின் ஒரு காது என் பக்கம் திரும்பும். சில சுற்றுக்குப் பிறகு மூக்கால் ஒரு நீண்ட 'புர்ர்ர்'. அந்த ஒலி கேட்டால் எனக்கும் தோள் இறங்கிவிடுகிறது.

பிப்ரவரி 18

நான் விழுந்த அதே மூலையில் ஒரு தார்ப்பாயை மடித்து வைத்திருக்கிறார்கள். காற்றில் அதன் ஓரம் படபடக்கும். செவலை பத்து மீட்டருக்கு முன்பே தலையைத் தூக்கிவிடும், கழுத்து நரம்பு புடைக்கும். மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இங்கே மருண்டவர்கள் இரண்டு பேர்.

குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறத்தாழ முழு வட்டமும் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னே சிறிது இடமும் வாலுக்கு நேர் பின்னேயும் மட்டும் தெரியாது. ஆக, நாம் அந்தப் பக்கம் பார்க்காமல் போனாலும் தார்ப்பாய் அதன் கண்ணில் இருந்துகொண்டே இருக்கிறது. உதைத்து அருகே ஓட்டினால் என்ன கற்றுக்கொள்ளும்? தார்ப்பாய்க்குப் பக்கத்தில் போனால் உதை விழும் என்று கற்றுக்கொள்ளும். ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்கர் ஜெனோஃபோனே இதைச் சொல்லியிருக்கிறார்: பயந்த குதிரையை அடித்து நெருங்கவைத்தால் பயம் கூடும், பயப்படும் பொருளை நீ தொட்டுக்காட்டி, மெல்ல அழைத்துப் போ.

அப்படியே செய்தேன். இறங்கினேன். தார்ப்பாய்க்கும் செவலைக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்ளாமல் பக்கவாட்டில் நின்று, அதன் ஓரத்தைக் கையால் தொட்டேன். சடசடவென்று ஒலித்தது. செவலை இரண்டு அடி பின்வாங்கி நின்றது; கயிற்றை இழுக்கவில்லை. காத்திருந்தேன். கழுத்தை நீட்டி, மேலுதட்டை மட்டும் முன்னால் அனுப்பி, ஒரு முறை தொட்டுவிட்டுச் சட்டென்று எடுத்துக்கொண்டது. பிறகு இன்னொரு முறை. நான்காம் முறை மடிப்பைப் பல்லால் கவ்வி இழுத்தது.

மறுநாள் ஏறிக்கொண்டு போனபோது, தலையைச் சற்று உள்பக்கம் வளைத்து, வட்டத்தின் அடுத்த கூம்பைப் பார்த்தபடி கடந்தோம். வலச்சுற்றில் ஒன்றுமில்லை. இடச்சுற்றில் மறுபடி மருண்டது! அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அது வேறு உருவம் போலும். எல்லாவற்றையும் இரு பக்கமும் தனித்தனியாகக் காட்ட வேண்டும் என்று அன்று குறித்துவைத்துக்கொண்டேன்.

மார்ச் 6

பிப்ரவரி 2 குறிப்பின் கடைசிப் பத்தியை முழுவதுமாகத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இரண்டு வாரமாகச் செவலை, சேணத்தின் வயிற்று வாரை இறுக்கும்போது காதைப் பின்னால் மடித்தது. இடப்பக்கக் கேன்டர் கேட்டால் வாலைச் சுழற்றியது. நான் என் மூச்சையும் முழங்காலையும் சரிபார்த்துக்கொண்டே இருந்தேன், எல்லாம் என் பயம்தான் என்று. லாயப் பெரியவர்தான் கேட்டார்: "அம்மா, அதன் முதுகைத் தொட்டுப் பார்த்தீர்களா?" சேணத்தைக் கழற்றி, பிடரி முடியும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் மூன்று விரலை வைத்து மெல்ல அழுத்தினார். செவலை முதுகைத் தாழ்த்தி நழுவியது. வலப்பக்கம் அழுத்தினார், நின்றது. மறுபடி இடப்பக்கம், மறுபடி நழுவியது.

கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். சேணம் குறுகலாகி இடத்தோளுக்குப் பின்னால் அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது. நான் வராமல் இருந்த மாதங்களில் குதிரை உடம்பு போட்டு அகன்றிருக்கிறது. சேணம் அப்படியே இருந்திருக்கிறது. மூன்று வாரம் யாரும் ஏறக் கூடாது, சேணத்தை மாற்ற வேண்டும் என்றார்.

"ஏறுபவரின் பயம்தான் எல்லாம்" என்று எவ்வளவு உறுதியாக எழுதிவிட்டேன்! பழியை என்மேல் போட்டுக்கொள்வது அடக்கம் போலத் தெரிகிறது. ஆனால் அது குதிரையைப் பார்க்கவிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கச் செய்தது. வலியில் இருந்த பிராணி எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. நேற்று அதன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

குதிரையின் குணம் மாறினால் முதலில் முதுகு, வாய், பல், குளம்பு, சேணம் ஆகியவற்றைப் பாருங்கள். நம் மூச்சு அதற்குப் பிறகு.

மார்ச் 7

அன்று நான் விழுந்ததும் சேணத்தால்தானா என்று ஒருவர் கேட்கிறார். இல்லை, அப்போது சேணம் பொருந்தித்தான் இருந்தது. எதற்குத் துள்ளியது என்று இனிமேல் தெரியப்போவதில்லை. தெரியாமலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 15

ஏற முடியாத வாரங்களில் தரையில் நின்று செய்த வேலைதான் எனக்கு மிக அதிகம் கற்றுக்கொடுத்தது.

ஒரே ஓர் உதாரணம், பின்னோக்கி ஓர் அடி. மார்பில் விரலால் லேசாக அழுத்த வேண்டும். எடை பின்னால் சாயத் தொடங்கிய அந்தக் கணத்தில் விரலை எடுத்துவிட வேண்டும். அழுத்தம் கேள்வி கேட்கிறது. குதிரைக்குப் பாடம் விடுவிப்பில்தான் இருக்கிறது. எந்த வினாடியில் விடுவிக்கிறோமோ அந்த வினாடியில் செய்துகொண்டிருந்ததைத்தான் குதிரை சரியான விடை என்று எடுத்துக்கொள்கிறது. நான் ஒரு நொடி தாமதம். ஓர் அடி வைத்து, நின்று, தலையை ஆட்டத் தொடங்கிய பிறகு விடுவிப்பேன். மூன்று நாளில் செவலை அழகாகத் தலையாட்டக் கற்றுக்கொண்டது! நான் கற்பித்ததைத்தான் கற்றிருக்கிறது. நான்காம் நாள் அதன் மார்புத் தசையையே பார்த்துக்கொண்டு, அது அசைந்ததும் கையை எடுத்தேன். பிற்பகலுக்குள் விரல் பட வேண்டிய தேவையே இல்லாமல், நான் நிமிர்ந்து நின்றாலே பின்வாங்கியது.

சேணத்தில் உட்கார்ந்து வாரை இழுத்துக்கொண்டே இருந்தேனே, எத்தனை கேள்விக்குப் பதில் சொல்லியும் விடுவிப்பு கிடைக்காமல் இருந்திருக்கும் அதற்கு!

ஏப்ரல் 4

புதுச் சேணம். முதல் சில நாள் நடையும் டிராட்டும் மட்டும். தரையில் நான்கு கட்டைகளை 1.3 மீட்டர் இடைவெளியில் போட்டு அவற்றின் மேல் டிராட். குதிரைக்குக் குதிரை அடி மாறும்; 1.2இலிருந்து 1.4க்குள் கூட்டிக் குறைத்துப் பார்க்க வேண்டும். கட்டையைத் தாண்டும்போது காலை உயர்த்தி வைக்கிறது, முதுகு மேலே எழுகிறது. அந்த முதுகு எழுவதை முதன்முதலாக உணர்ந்தபோது கண் கலங்கிவிட்டது.

நேற்று கேன்டர். இடப்பக்கம், அதே மூலை. இடக் கேன்டரை முதலில் தொடங்குவது வெளிப்பக்கத்து வலப் பின்னங்கால், அடுத்து இடப் பின்னங்காலும் வலமுன்னங்காலும் சேர்ந்து, கடைசியாக இடமுன்னங்கால், பிறகு ஒரு கணம் நான்கும் காற்றில். மூன்று தட்டு, ஒரு மௌனம். மூலைக்குள் நுழையும்போது கேட்பதுதான் எளிது, வளைவே குதிரைக்கு உதவும். உள்ளே பயம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். உரக்க எண்ணினேன். மூச்சை வெளியே விட்டு, ஒரு ஹாஃப் ஹால்ட் (நிறுத்துவது போல ஒரு கணம் வாரைப் பிடித்து விடும் குறிப்பு) கொடுத்து, வெளிப்பக்கக் காலைச் சற்றுப் பின்னால் நகர்த்தினேன். எழுந்தது. கேன்டரில் ஆறு தாவல் போயிருப்போம். டிராட்டுக்கு இறக்கி, உடனே வாரைத் தளர்த்திவிட்டேன்.

"இன்னொரு முறை?" என்றார் பயிற்றுநர். இன்று போதும் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே தலையசைத்தார்.

ஏப்ரல் 6

கேள்வி கேட்ட வாசகி, நேற்று பத்து நிமிடம் நடையில் போய் இறங்கிவிட்டதாக எழுதியிருக்கிறார். கை நடுங்கியதாம், அதனால் அதைப் பயிற்சி என்று கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்கிறார்.

தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை நான்கு கூம்பு எடுத்துப் போங்கள். நீண்ட பக்கத்தில் வைக்கும் இரண்டும் மூலையிலிருந்து பத்து மீட்டரில் இருக்கட்டும், எழுத்தில் வைத்துவிடாதீர்கள். முதல் கால்வட்டத்துக்கு எத்தனை அடி வந்தது என்று எழுதுங்கள். ஏறுவதற்கு முன் அதன் முதுகில் மூன்று விரலை வைத்துப் பார்க்கவும் மறக்க வேண்டாம்.